உங்க தம்பி வேதத்துல சேந்துட்டாருங்களாமா?

போன செவ்வாய்க்கிழமை குன்னூர் மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முழங்கையை யாரோ சுரண்டினார்கள். திரும்பினால், எங்கள் மேல் தெரு அம்மா ஒருவர். கல்யாணம், காதுகுத்து, எழவு... எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். நல்ல மனுஷிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"ஏனுங்க, கேக்கறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க தம்பி வேதத்துல சேந்துட்டாருங்களாமா?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் சர்ச்சை வேதக்கோயில் என்போம். ஒருத்தர் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்றால் கிறிஸ்தவராக மாறிவிட்டார் என்று அர்த்தம்.

"யாருங்க சொன்னாங்க?" என்றேன்.

"எல்லாருந்தான் பேசிக்கறாங்க. ஞாயித்துக்கிழமையானா வேதக்கோயிலுக்குள்ள போறாராமா. நல்ல குடும்பமாச்சே, இப்படியாயிருச்சேன்னு எனக்கு மனசே கேக்கலீங்க."

மனசே கேட்கவில்லையாம்!

என் தம்பி இந்த ஊரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குடித்தான். ஒளிந்து மறைந்து அல்ல, ஊரறியக் குடித்தான். ஒரு ஆடி மழையில் இதே அம்மாவின் கேட்டுக்கு முன்னால் சாக்கடையில் விழுந்து கிடந்தான். வேட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இந்த அம்மா குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பு நனையாமல் அவனைச் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு மனசு நன்றாகவே கேட்டது போலிருக்கிறது.

"விசாரிச்சுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு பீன்ஸைக்கூட எடை போடாமல் வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரங்கள்தான் சத்தம் போடும். அன்றைக்கு நிறையவே போட்டன.

தம்பியிடம் சொன்னேன். சிரித்தான்.

"எழுதிரு அக்கா. நீதான் வாரா வாரம் என்ன எழுதறதுன்னு தலையப் பிச்சுக்கறியே. ஒவ்வொருத்தருக்கா நின்னு சொல்ல எனக்கு முடியல."

அதனால் எழுதுகிறேன். மற்றவர்களின் ஊரும் ஆளும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தம்பியின் பெயர் வேண்டாம். குன்னூரில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை; மற்றவர்களுக்கு அது எதற்கு?

முதலில் ஒரு விஷயம். மலையில் யாரும் குடிப்பதில்லை, தெரியுமோ? 'குளிருக்கு' எடுத்துக்கொள்வார்கள்... அவ்வளவுதான்.

மார்கழியில் உறைபனி கொட்டும்போது குளிருக்கு. ஆடியில் சாரலுக்கு. சித்திரையில் கீழே ஊரெல்லாம் வெந்து, சொந்தக்காரர்கள் கார் கட்டிக்கொண்டு மலையேறி வரும்போது? அப்போதும் குளிருக்குத்தான். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடியே குளிருக்குக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பியும் குளிருக்குத்தான் ஆரம்பித்தான். அவனுக்கு ஹார்டுவேர் கடை. பெயிண்ட், ஆணி, தகரம், எஸ்டேட்காரர்களுக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி. சாயங்காலம் கடையைச் சாத்திய பிறகு கொஞ்சம் என்று தொடங்கியது. அப்புறம் சாத்துவதற்கு முன்னால் என்று ஆனது. அப்புறம் திறந்த கையோடு. கடைசியில் கடையைத் திறப்பதே அவன் மனைவி கவிதா என்றாகிவிட்டது.

மாலை போடவில்லையா என்பீர்கள். போட்டான். மாலை கழுத்தில் இருக்கிற வரைக்கும் பரம சாது. சாமி பார்த்து மலையிறங்கி வந்து, மாலையைக் கழற்றிய சாயங்காலமே மொத்தப் பாக்கியையும் சேர்த்துக் குடித்தான். இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக் கோயிலில் கயிறு கட்டினோம். கயிறு கட்டுகிற பூசாரி கேட்டார்: "எத்தனை மாசத்துக்குங்க?" தம்பி பேரம் பேசினான், கேளுங்கள்! சாமியோடு தவணை பேசிய ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். அந்த வரிசையில் நின்ற எல்லோருமே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன வருஷம் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். டாக்டர் என்னையும் கவிதாவையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ஈரல் பாதி போயிருச்சும்மா. இருக்கற பாதியை வச்சு அவர் நல்லா இருக்கலாம். ஆனா இன்னொரு தடவை ஆரம்பிச்சார்னா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"மருந்து?" என்றாள் கவிதா.

"மருந்து கொஞ்ச நாளைக்குத்தான். கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்க. குடியை விட்டவங்க உக்காந்து பேசற கூட்டம். உங்க ஊர்லயே இருக்கும், விசாரிங்க."

விசாரிங்க! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் ஒயின்ஷாப் எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை கை காட்டும். லீவு நாளில் எந்த வீட்டுப் பின்கதவைத் தட்டினால் கிடைக்கும் என்பதுகூட ஊருக்கே தெரியும். ஆனால் குடியை விடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்? ஒருத்தருக்கும் தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். இருமல் மருந்தை எடுத்து வைத்தார். தெரிந்த போலீஸ்காரரைக் கேட்டேன். "எதுக்குங்க, ஏதாச்சும் கேஸா?" என்றார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மாதான் சுவரைக் காட்டினார். பல் டாக்டர் விளம்பரத்துக்கு அடியில், பாதி மறைந்து, ஒரு சின்ன நோட்டீஸ். ஒரு போன் நம்பர்.

பண்ணினேன். எடுத்தவர் குரலில் அவசரமே இல்லை.

"சொல்லுங்க. உங்களுக்கா, ஊட்ல யாருக்காச்சுமா?"

"என்ற தம்பிக்குங்க..."

"அப்பத் தம்பியவே பேசச் சொல்லுங்கக்கா. நீங்க எத்தனை பேசினாலும் அவரு படற பாடு உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்."

தம்பி போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ரொம்ப நேரம் பேசினான். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"நம்மூர்லயே இருக்குது அக்கா. ஆனா நான் ஊட்டிக்குப் போறேன். அங்கயும் இருக்குதாமா."

"ஏன்டா? நடந்து போற தூரத்துல இருக்கறத விட்டுட்டு?"

"இங்க போனா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

"என்ன தெரிஞ்சுரும்? நீ குடிக்கறதா?"

"இல்ல அக்கா... நான் நிறுத்தப் பாக்கறது."

அவன் சொன்னதில் என்ன தப்பு? குடிக்கிறவனை ஊர் ஒன்றும் செய்யாது. நிறுத்தப் பார்க்கிறவனைத்தான் உற்றுப் பார்க்கும். எப்போது விழுவான் என்று காத்திருக்கும். விழுந்தால், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்ல இங்கே எத்தனை வாய்கள்!

மங்கி கேப், மஃப்ளர், அதற்கு மேல் ஒரு ஜெர்கின்... முகத்தில் மூக்கு மட்டும் தெரிய ஊட்டி பஸ் ஏறினான். உள்ளே போய்ப் பார்த்தால், "அட, வாங்க ஹார்டுவேர்!" என்று ஒரு குரல். குன்னூர்க்காரர்! அவர் பக்கத்தில் இன்னொரு குன்னூர்க்காரர். மூன்று பேரும் ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள்.

அப்புறம்தான் சங்கதி தெரிந்தது. குன்னூரில் குடியை விடுகிறவர்கள் எல்லாம் ஊட்டிக்குப் போகிறார்கள். ஊட்டியில் விடுகிறவர்கள் குன்னூருக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேத்தி பக்கம் இரண்டு பஸ்ஸும் எதிரும் புதிருமாகக் கடக்குமாம். இரண்டிலும் மங்கி கேப்கள்!

அன்றைக்குத் தம்பி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் போதையில்லாமல் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. கவிதா சமையலறைக்குள் போய் அழுதாள். நானும்தான். ஏன் மறைக்க வேண்டும்?

கொஞ்ச நாளில் வெட்கம் போய்விட்டது. குன்னூர்க் கூட்டத்துக்கே வந்துவிட்டான். அது நடப்பதுதான் ஒரு வேதக்கோயிலின் பின்பக்க ஹாலில்.

ஏன் அங்கே? நானும் கேட்டேன். கூட்டத்துக்காரர்கள் முதலில் போய் நின்றது நம்முடைய கல்யாண மண்டபத்தின் வாசலில்தானாம். மேல் மாடி ஹால் வாரம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "குடிகாரங்க கூட்டமா? மண்டபத்துக்குப் பேரு கெட்டுரும்ங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

அடடா, என்ன மானம்! அதே மண்டபத்தின் பின்னால் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் காலையில் காலி பாட்டிலை மூட்டை கட்டித் தூக்குகிறார்கள். அதில் கெடாத பேர், ஒரு மணி நேரம் டீ குடித்துப் பேசுகிறவர்களால் கெட்டுவிடுமாம். ஒரு பள்ளிக்கூடத்திலும் இதே பதில். வேதக்கோயில்காரர்கள்தான், "ஹால் சும்மாதான இருக்குது, உக்காந்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு சரி. எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மாதத்தில் ஒரு நாள் வீட்டு மனிதர்களும் வரலாம் என்றார்கள். போனேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள். ஃபிளாஸ்கில் டீ. தட்டில் வர்க்கி. விபூதி வைத்தவர், சிலுவை போட்டவர், தொப்பி போட்டவர்... குடிப்பதில் நம் ஜனங்களுக்குள் எந்தப் பேதமும் கிடையாது என்பதை அங்கே கண்ணாரக் கண்டேன். ஒருவர் எழுந்து, பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லோரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அடுத்தவர் எழுந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. புத்தி சொல்லவில்லை. சாமியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுகூட, "உங்களுக்கு எது சாமியோ அதையே கும்பிட்டுக்குங்க" என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு பெரியவர் பேசினார். சேரம்பாடி பக்கத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயசில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் பேசியதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுதுங்க பிள்ள, நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

"தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடுவுல தான் அந்தக் கடை. அன்னிக்கும் அங்கன தான் கிடந்தேன். ஒரு பாடை வந்துச்சு. நமக்கு மரியாத தெரியுமில்ல? எந்திரிச்சு, தலைத் துண்ட எடுத்துட்டு நின்னேன். பக்கத்துல இருந்தவன்கிட்ட, 'யாருப்பா போனது?'ன்னு கேட்டேன். அவன் என் மூஞ்சியவே பாத்தான். 'உன் பொஞ்சாதிய்யா'ன்னான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். தம்பி எழுந்து போய், ஒரு கப் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

இப்படியே மாதங்கள் போயின. தம்பிக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. காலையில் அவனே கடையைத் திறந்தான். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கை நடுங்கவில்லை. இதற்கு மேல் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. தம்பி மகள் நந்தினிக்குக் கல்யாணம்.

அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு நல்ல வரன். தோட்டம் துரவு இருக்கிற குடும்பம். பையனுக்குக் கோயமுத்தூரில் கம்பெனி வேலை. பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், நாள் குறிக்கிற சமயத்தில்... ஊர் வாய் திறந்தது. பெண்ணோட அப்பா வேதத்தில் சேர்ந்துவிட்டாராம்!

கவிதாவின் அண்ணன் மேட்டுப்பாளையத்திலிருந்து பறந்து வந்தார்.

"ஏனுங்க மாப்ளே, என்ற தங்கச்சி மகள் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடறீங்களா?"

"அது குடியை விடற கூட்டமுங்க. வேதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"அதை ஊரு வாய்ல போய்ச் சொல்லுங்க. மாப்ள ஊட்டுக்காரங்க என்னைக் கூப்புட்டுக் கேக்கறாங்க. குடிக்கறவருன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாமா. அது ஆம்பளைங்க சமாச்சாரம், போச்சாது, பரவால்லைங்கறாங்க. மதம் மாறிட்டாருன்னாத்தான் கொலதெய்வக் கோயில்ல தலை காட்ட முடியாதுங்கறாங்க. கண்ணாலம் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. அப்பறம் எத்தனை கூட்டத்துக்கு வேணாலும் போய்க்குங்க."

நான் குறுக்கே பேசினேன். "கூட்டத்துக்குப் போகாட்டி இவன் மறுபடியும் குடிச்சுருவான். குடிச்சா உயிரு போயிரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"அட போங்கக்கா. இத்தனை வருஷம் குடிச்சப்பப் போகாத உயிரா மூணு மாசத்துல போயிரும்?"

எடுத்த கரண்டி கையிலேயே நின்றது. அவர் சொந்தத் தங்கையின் புருஷன்!

தம்பி மகளைப் பார்த்தான். சரி என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள்ளேயே உலாத்தினான். சாயங்காலம் ஐந்து மணியானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். அந்தச் சேரம்பாடிப் பெரியவர் போன் பண்ணினார். எடுக்க வேண்டாம் என்று கவிதா கண்ணைக் காட்டினாள்.

கவிதாவைத் திட்டாதீர்கள். அவள் பட்டதை நான் பார்த்தவள். ஆனால் பெண்ணின் கல்யாணம் என்று வந்ததும் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அப்படித்தானே அவளை வளர்த்திருக்கிறோம்?

உப்புச் சக்கரை மாற்றுகிற நாள் வந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்தை உறுதி செய்வது அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். பந்திக்கு முன்னால் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். பையன் நல்ல உயரம், அடக்கம். பெரியவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

பெண்கள் உள்ளே உட்கார்ந்தோம். ஆண்களில் நாலைந்து பேர், "சும்மா வியூ பாத்துட்டு வர்றோம்" என்று தம்பியையும் கவிதாவின் அண்ணனையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் நழுவினார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் என்ன வியூ? மேரக்காய்க் கொடிப் பந்தல்தான் இருக்கிறது. பந்தலுக்குக் கீழே அவர்களுடைய கார் நின்றது. டிக்கி திறந்தது.

சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். நானும் கவிதாவும் நின்று பார்த்தோம். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா கிளாஸை நீட்டினார்.

"இந்தாங்க சம்பந்தி. ஒரே வாய். குளிருக்குத்தான்."

"வேண்டாமுங்க. நான் நிறுத்திட்டனுங்க."

"நாங்களுந்தான் நிறுத்தினோம், நேத்து!" எல்லோரும் சிரித்தார்கள்.

"ஈரல் கெட்டுப்போச்சுங்க. டாக்டரு தொடவே கூடாதுன்னுட்டாருங்க."

"எங்க அண்ணனுக்குக்கூடத்தான் டாக்டரு அப்படிச் சொன்னாரு. கேட்டாரா? கடைசி வரைக்கும் குடிச்சுட்டு நல்லாத்தான் இருந்தாரு."

இருந்தாராம். இப்போது இல்லை. அதைச் சொல்லும்போது அவருக்கு அது உறைக்கவில்லை.

தம்பி கையை நீட்டவே இல்லை. அவர்களில் ஒருத்தர் மெல்ல ஆரம்பித்தார். "இல்லீங்... வெளிய பேசிக்கறது நெசந்தானுங்களா? வேதக்காரங்கதான் தொட மாட்டாங்கன்னு சொல்லுவாங்க..."

வேதக்காரர்கள் தொட மாட்டார்களாம்! அந்த ஹாலில் அவர்களையும் தட்டு நிறைய வர்க்கியோடு நான் பார்த்தேனே.

பெரியப்பா முடிவாகச் சொன்னார். "அதுக்குத்தானுங்க சொல்றேன். ஒரு வாய் குடிச்சுட்டீங்கன்னா ஊரு வாய் மூடிக்கும். நம்ம ஆளுதான்னு நாங்களும் நிம்மதியா உப்புச் சக்கரை மாத்திட்டுப் போவோம்."

கேட்டீர்களா? பரீட்சை! என் தம்பி விபூதி வைத்திருந்தான். அது செல்லாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறான். அதுவும் செல்லாது. அவன் நம்ம ஆள்தான் என்று நிரூபிக்க அவன் விஷத்தைக் குடிக்க வேண்டும்!

கவிதாவின் அண்ணன் கிளாஸை வாங்கித் தம்பியின் கையில் திணித்தார். "சபையில மானத்த வாங்காதீங்க மாப்ளே... சும்மா ஒதட்டுல வெச்சுட்டுக் குடுத்துருங்க."

தம்பி கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கை நடுங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நடுங்கியது. கிளாஸ் முகத்துக்குக் கிட்டே போனது. வாசனை போயிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டான்.

என் பக்கத்தில் கவிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "குடிச்சுத் தொலைங்களே... குடிச்சுத் தொலைங்களே..."

பன்னிரண்டு வருஷம் குடிக்காதீங்க குடிக்காதீங்க என்று காலில் விழுந்து அழுத வாய் அது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என்னால் அவளைத் தடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை.

தம்பி கண்ணைத் திறந்தான். கிளாஸைக் காரின் பானெட் மேல் வைத்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆமாங்க. நான் வேதத்துல சேந்துட்டனுங்க."



அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 'நிறுத்திட்டேன்' என்றான், விடவில்லை. 'டாக்டர் சொன்னார்' என்றான், விடவில்லை. 'ஈரல் போச்சு' என்றான், சிரித்தார்கள். 'மதம் மாறிட்டேன்' என்ற அடுத்த நொடி, பெரியப்பா அந்தக் கிளாஸைச் சட்டென்று எடுத்துக்கொண்டுவிட்டார்! அவ்வளவு மரியாதை. இனி யாரும் அவனை ஒரு வாய் குடி என்று கேட்கவே மாட்டார்கள். எடுத்த கிளாஸை வீணாக்காமல் பெரியப்பாவே குடித்தார், அது வேறு விஷயம்.

உப்பும் சர்க்கரையும் வந்த தட்டிலேயே திரும்பிப் போயின. யாரும் சாப்பிடவில்லை. கவிதாவின் அண்ணன், "இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டுக் கிளம்பினார். கவிதா ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

பட்டுப்புடவையோடு நந்தினி வந்தாள். எதுவும் கேட்கவில்லை. இரண்டு இலை போட்டாள். "பசிக்குதுப்பா, உக்காருங்க" என்றாள். அப்பாவும் மகளும் அவ்வளவு பெரிய பந்தியில் இரண்டே பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று அப்புறம் கேட்டேன்.

"வேற என்ன சொல்லியும் அந்தக் கை எறங்கலையே அக்கா" என்றான்.

கவிதா இன்றுவரை அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்கும் அழைப்பு வருவதில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறான். கோயிலில் அவனைப் பார்க்கிறவர்கள், 'இவன் இங்கே எதற்கு' என்பதுபோல் பார்க்கிறார்களாம். மேல் தெரு அம்மா, இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். திருப்திதானே?

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் மத்தியானம் ஒரு போன் வந்தது. புது நம்பர். பெண் குரல்... அதுவும் ரகசியக் குரல்.

"அக்கா, நான் பையனோட அம்மா பேசறனுங்க. அன்னூர்ல இருந்து... உப்புச் சக்கரைக்கு வந்தோமுல்லங்க."

போனை வைக்கப் போனேன். என்ன பேசுவது?

"வெச்சுராதீங்கக்கா. ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்க, அதான் பண்ணினேன். உங்க தம்பி ஒரு வேதத்துல சேந்தாருல்லங்க... அதுல எம்பையனையும் சேத்துக்குவாங்களா?"

"என்னங்க சொல்றீங்க?"

"காத்தால எந்திரிச்சா கை நடுங்குதுங்கக்கா. கொஞ்சம் உள்ள போனாத்தான் நிக்குது. மால போட்டுப் பாத்தோம், கவுறு கட்டிப் பாத்தோம். ஒரு கண்ணாலம் பண்ணி வெச்சா எல்லாஞ் செரியாப் போயிரும்னு பெரியவங்க சொன்னாங்க. அன்னைக்கு உங்க தம்பி கிளாஸக் கீழ வெச்சதப் பின்வாசல்ல நின்னு நானும் பாத்துட்டுத்தான் வந்தேன். அது எந்தச் சாமியா இருந்தாலும் போச்சாதுங்கக்கா. எம்பையன் பொழச்சாப் போதும்."

எனக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது. எங்கள் நந்தினி இவர்களுக்கு மருந்தா? கஷாயமா? நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயைத் திறந்தேன். மறுமுனையில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கவிதா எத்தனை வருஷம் இப்படி உறிஞ்சியிருக்கிறாள்!

"சேத்துக்குவாங்க" என்றேன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. என்ற தம்பியே வந்து உள்ள கூட்டிட்டுப் போவான். அங்க எந்தச் சாமின்னு யாரும் கேக்க மாட்டாங்க."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அந்த வரனுக்கு நாங்கள் ஜாதகம் பார்த்தோம். குலம் கேட்டோம், கோயில் கேட்டோம். தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூட விசாரித்தோம். பையன் குடிப்பானா என்று மட்டும் எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்படிக் கேட்பது மரியாதை இல்லையாம்!